போருக்குக் குழந்தைகள் கேட்டார்கள். குழந்தைகளுக்குப் பால் கேட்டார் சில்வியா

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் படித்த நாள்களில் எங்கள் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஒரு கோட்டை வரைந்துவிட்டு, இது என்ன சொல்கிறது என்று கேட்பார். இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இரு பகுதிகளின் சிசு மரண விகிதம் அது. 1899-இல் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 163 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 1914-இல் அந்த எண்ணிக்கை 105. மறு ஆண்டு 110 என்று சற்றே எழுந்து, 1916-இல் 91-க்கு இறங்கி, 1918-இல் 97-இல் நிற்கிறது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. நாட்டின் மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ராணுவத்துக்குப் போய்விட்டனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அப்போது இல்லை. உணவுப் பண்டங்களின் விலையோ இரு மடங்காகியிருந்தது. அப்படியிருந்தும் கோடு கீழ்நோக்கியே இறங்குகிறது. ஏன்?

நாங்கள் ஆளுக்கொரு விடை சொன்னோம். தடுப்பூசி என்றான் ஒருவன். குடிநீர் என்றான் இன்னொருவன். பேராசிரியர் தலையசைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு, மருத்துவத்தோடு தொடர்பில்லாதவர் என்று நான் எண்ணியிருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தபோது, விடையின் பெரும்பகுதி அங்கே கிடந்தது. அவர் சில்வியா பாங்க்ஹர்ஸ்ட். பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்ற அளவில்தான் பலரும் அவரை அறிவார்கள். நானும் அப்படித்தான் அறிந்திருந்தேன்.

1882 மே 5 அன்று மான்செஸ்டரில் பிறந்தவர் சில்வியா. தந்தை ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட் வழக்கறிஞர், ஏழைகளின் கட்சிக்காரர், வருமானத்தில் அக்கறையற்றவர். தாய் எம்மலின், தமக்கை கிறிஸ்டபெல் இருவரும் பிரிட்டனின் தீவிர வாக்குரிமை இயக்கத்தை நடத்தியவர்கள். சில்வியாவுக்கு ஓவியம்தான் விருப்பம். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். இயக்கத்தின் சின்னங்களையும் கொடிகளையும் பதாகைகளையும் வரைந்து கொடுத்தார். ஓவியராகவே வாழ்ந்திருந்தால் நல்ல ஓவியராக மறைந்திருப்பார். அவர் வரைந்த பெண் தொழிலாளர்களின் ஓவியங்களைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

1912-இல் அவர் கிழக்கு லண்டனின் போ என்ற பகுதிக்குப் போனார். அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டன் பெருநகரின் கிழக்கு விளிம்பு அது. அருகே ஓடும் லீ ஆற்றைக் கடந்தால் அன்றைக்கு எசெக்ஸ் மாவட்டம். நகரம் தனக்கு வேண்டாதவற்றையெல்லாம் தள்ளிவைத்த புறம் அது: தீப்பெட்டித் தொழிற்சாலை, சோப்பு ஆலை, சாயப் பட்டறை, கப்பல் துறை. ஓரிரு அறைகளில் முழுக் குடும்பமும் வாழும் வீடுகள். நம் வாசகர்களுக்கு இன்னோர் அடையாளமும் சொல்லலாம். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தி, விடுதிகளை விலக்கிவிட்டுத் தங்கியிருந்த கிங்ஸ்லி மண்டபம் இந்தப் போ பகுதியில்தான் இருக்கிறது.

அங்கே ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று முகப்பில் பொன்னெழுத்தில் எழுதிக்கொண்டு தொடங்கிய சில்வியா, பிறகு ஒரு காலணித் தொழிலாளர் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். சிறை, உண்ணாவிரதம், குழாய் செருகிக் கட்டாயமாக உணவூட்டப்படும் கொடுமை, விடுதலை, மீண்டும் கைது என்று 1913-உம் 1914-இன் முற்பாதியும் கழிந்தன. பட்டினியால் உயிருக்கு ஆபத்து வந்தால் விடுவிப்பது, சற்றுத் தேறியதும் மறுபடி பிடித்துச் செல்வது என்று அரசு ஒரு சட்டமே போட்டிருந்தது. பூனையும் எலியும் விளையாட்டு என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அவரைக் காப்பாற்றி நடக்க வைத்தவர்கள் அந்தத் தெருப் பெண்கள். பசி உடலை என்ன செய்யும் என்பதைச் சில்வியா புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர்.

தாயும் தமக்கையும் வசதியுள்ள பெண்களின் ஆதரவை நாடினர். தொழிலாளர் பெண்களின் அமைப்பு ஒன்று தங்கள் பெயரில் இயங்குவதை அவர்கள் விரும்பவில்லை. 1914 ஜனவரியில் சில்வியாவின் கிழக்கு லண்டன் கூட்டமைப்பு தாய்ச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. மார்ச் மாதத்தில் 'உமன்ஸ் டிரெட்நாட்' என்ற வார இதழைச் சில்வியா தொடங்கினார். ஆகஸ்ட் 4-இல் போர் வந்தது.

போர் வந்தவுடன் கிழக்கு லண்டனில் நடந்தது என்ன என்பதை நம் காலத்தவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஊரடங்கின் முதல் வாரங்களை நாம் பார்த்திருக்கிறோம். காசுள்ளவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கினார்கள். சில நாள்களுக்குள் மாவு, சர்க்கரை விலை ஏறியது. தையல் பட்டறைகளும் சிறு தொழிற்சாலைகளும் கதவடைத்தன. பெண்களுக்கு வேலை போயிற்று. கணவன்மார் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார்கள். மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அரசு தருவதாகச் சொன்ன பிரிவுப் படி வந்து சேரவில்லை. திருமணச் சான்று எங்கே, பிறப்புச் சான்று எங்கே என்று அலுவலகங்கள் கேட்டன. முறையாகத் திருமணம் செய்துகொள்ளாமலேயே பல ஆண்டுகள் குடும்பம் நடத்திய பெண்களின் நிலை இன்னும் மோசம். அடகுக் கடையில் முதலில் திருமண மோதிரமும், பிறகு படுக்கை விரிப்பும் போயின.

கைக்குழந்தையோடு பெண்கள் சில்வியாவின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். வாக்குரிமை கேட்டு நடந்துவந்த அலுவலகம் சில நாள்களில் பால் வழங்கும் இடமாக மாறியது. அங்கே ஓர் உண்மை உடனே தெரிந்தது. பல குழந்தைகளுக்குப் பால் கொடுத்தும் பயனில்லை. பட்டினியால் குடல் நலிந்துபோன சிசு, கொடுத்த பாலை வாந்தி எடுத்தது. அவற்றுக்கு முதலில் பார்லித் தண்ணீர், பிறகு முட்டையின் வெண்கரு, அதன் பிறகுதான் பால் என்று படிப்படியாகப் போக வேண்டியிருந்தது. இதைச் சொல்ல ஒரு மருத்துவர் தேவைப்பட்டார். பார்பரா சாய்கோவ்ஸ்கி என்ற பெண் மருத்துவர் முன்வந்தார். இப்படித்தான் அந்தப் பகுதியில் தாய்சேய் நலப் பணி தொடங்கியது. யாரும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை.

போர் தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஓல்டு ஃபோர்டு சாலை 400-ஆம் எண் வீட்டில் ஓர் உணவகமும் திறக்கப்பட்டது. அடக்க விலை உணவகம் என்று பெயர். பெரியவர்களுக்கு இரண்டு பென்னி, சிறுவர்களுக்கு ஒரு பென்னி. அதுவும் இல்லாதவர்களுக்கு இலவசம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய சீட்டும் இலவசமாகக் கொடுத்த சீட்டும் ஒரே மாதிரி இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து உண்பவருக்கு எது எந்தச் சீட்டு என்று தெரியாது. சில்வியாவின் முழு வாழ்க்கையிலும் என்னை மிகவும் தொட்ட செய்தி இதுதான். வரிசையில் நிற்பவரின் கூச்சத்தை ஒரு மருத்துவனாக நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தால் வராமலே போனவர்களை நான் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை.

அரசி மேரியின் பெயரால் வேலையிழந்த பெண்களுக்குப் பணிக்கூடங்கள் திறக்கப்பட்டன. அங்கே வாரக் கூலி அதிகபட்சம் பத்து ஷில்லிங். தர்மத்தின் பெயரால் நடக்கும் சுரண்டல் இது என்று சில்வியா எழுதினார். எழுதியதோடு நிற்காமல், நார்மன் சாலையில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையைத் திறந்தார். அதுவரை பொம்மைகள் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. போரால் வரவு நின்றிருந்தது. ஓவியரான சில்வியாவுக்குப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. மணிக்கு ஐந்து பென்னி, வாரத்துக்கு ஒரு பவுண்டு என்று கூலி. செல்ஃபிரிட்ஜஸ் போன்ற பெரிய அங்காடியில் அந்தப் பொம்மைகள் விற்றன. வேலைக்கு வரும் தாய்மார் குழந்தைகளை எங்கே விடுவது? தொழிற்சாலையோடு ஒரு காப்பகமும் சேர்ந்தது. காப்பகத்தில் இடம் போதாமல் போனபோதுதான் அந்த மதுக்கடை கண்ணில் பட்டது.

ஓல்டு ஃபோர்டு சாலையில், புனித ஸ்டீபன் சாலை சந்திப்பில் மூடிக் கிடந்த மதுக்கடை அது. அதன் பெயர் 'கன்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ்'. துப்பாக்கி செய்பவர்களின் பெயரால் அமைந்த கடை. 'ஆர்ம்ஸ்' என்ற சொல் ஆங்கிலத்தில் ஆயுதங்களையும் குறிக்கும், கரங்களையும் குறிக்கும். மதுக்கடைகளின் பெயரில் சேர்ந்து வருவதும் அங்கு வழக்கம். சில்வியா அந்த இடத்தை எடுத்து, முன்பாதிச் சொல்லை மட்டும் மாற்றி, 'மதர்ஸ் ஆர்ம்ஸ்' என்று பெயரிட்டார். துப்பாக்கிக்காரரின் கடை, தாயின் கரங்கள் ஆயிற்று. 1915-இன் வசந்தத்தில் அது திறக்கப்பட்டது. கீழே மருத்துவ ஆலோசனை, பால் வழங்கல். குழந்தைகள் விளையாடவும் உறங்கவும் அறைகள். பின்னர் மாண்டிசோரி முறைப் பள்ளியும் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த மியூரியல் மேட்டர்ஸ் அதை நடத்தினார். இந்தச் செலவுகளில் கணிசமானவற்றைத் தன் பரம்பரைச் சொத்திலிருந்து கொடுத்தவர் நோரா ஸ்மித் என்ற தோழி. அவரே ஒளிப்படக்காரரும் ஆவார். அவர் எடுத்த படங்களில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பார்க்கலாம். மொட்டையடித்த தலைகள், பெரிய கோப்பைகள், சிரிக்க மறந்த முகங்கள். ஒன்றிரண்டு சிரிக்கவும் செய்கின்றன.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தனை பணியும் சில நூறு குடும்பங்களைத் தொட்டிருக்கும். ஒரு நாட்டின் சிசு மரண விகிதத்தை ஒரு பழைய மதுக்கடை இறக்கிவிட முடியாது. சில்வியாவுக்கே அது தெரியும். தான் செய்துகொண்டிருந்த தர்ம காரியத்தைப் பற்றி அவருக்கு ஓயாத சங்கடம் இருந்தது. ஒரு கையால் பால் ஊற்றிக்கொண்டே மறு கையால் அரசுக்கு மனு எழுதினார். விலையைக் கட்டுப்படுத்துங்கள், உணவைப் பொதுவில் எடுத்துப் பங்கிடுங்கள், பெண்ணுக்கும் ஆணுக்கும் சம கூலி கொடுங்கள், படைவீரர் மனைவிக்குச் சேர வேண்டியதைத் தாமதமின்றிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1915-இல் படைவீரர், மாலுமிகளின் மனைவியர், உறவினர் உரிமைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ஒரு பின்னணி உண்டு. பிரிவுப் படி பெறும் பெண்கள் குடிக்கிறார்கள், ஒழுக்கம் தவறுகிறார்கள் என்று புகார் கிளம்ப, அவர்களைக் காவல் துறை கண்காணிக்கவும், தகுதியற்றவர் என்று கருதப்படுவோரின் படியை நிறுத்தவும் 1914 இறுதியில் அரசு ஏற்பாடு செய்தது. கணவன் பதுங்குகுழியில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த உரிமைக்கு, மனைவியின் நடத்தைச் சான்று எதற்கு என்பது சில்வியாவின் கேள்வி.

அரசின் கவலை வேறாக இருந்தது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போதே, படையில் சேர வந்த ஏழை இளைஞர்களில் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அன்று தொடங்கியது, தேசத்தின் உடல் நலிகிறது என்ற அச்சம். அதோடு பிறப்பு விகிதமும் ஆண்டுதோறும் இறங்கிவந்தது. 1913-இல் அமைக்கப்பட்ட பிறப்பு விகித ஆணையம் 1916-இல் அறிக்கை வெளியிட்டது. 1917 ஜூலையில் நாடெங்கும் குழந்தைகள் வாரம் கொண்டாடினார்கள். போர்முனையில் சிப்பாயாக இருப்பதைவிட இங்கே சிசுவாக இருப்பதே ஆபத்து என்று பிரச்சாரம் செய்தார்கள். அந்தப் பிரச்சாரம் பொய்யல்ல, நன்மையும் செய்தது. 1915-இல் பிறப்பு அறிவிப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1918-இல் தாய்சேய் நலச் சட்டம் வந்தது. ஆயினும் அந்தத் தாள்களில் குழந்தை என்பது நாளைய படைவீரன். தாய் என்பவள் அவனைத் தருவிக்கும் வழி.

எண்ணிக்கையைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1914-இல் பிறந்த குழந்தைகள் சுமார் 8,79,000. 1918-இல் சுமார் 6,63,000. நான்கே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஆண்கள் பிரான்சில் கிடந்தபோது வேறென்ன நடக்கும்? எத்தனை வாரம் கொண்டாடினாலும் வெற்றுக் கட்டிலில் குழந்தை பிறக்காது. 1915-இல், படைமுகாம்கள் இருந்த ஊர்களிலெல்லாம் தந்தை பெயர் தெரியாத போர்க் குழந்தைகள் வெள்ளமாகப் பிறக்கப்போகின்றன என்று பத்திரிகைகள் பரபரத்தன. எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்கூட அத்தகைய குழந்தைகளைத் தத்தெடுக்கும் திட்டத்தை அறிவித்து, சிலரைத் தாமே வளர்க்கவும் செய்தார். எதிர்பார்த்த வெள்ளம் அந்த ஆண்டு வரவேயில்லை. இதற்கிடையே, போரை ஆதரித்துக் கூட்டம் கூட்டமாகப் பேசிவந்த அந்தத் தாய், போரை எதிர்த்த மகளைப் பகிரங்கமாகக் கைகழுவிவிட்டார்.

அப்படியானால் அந்தக் கோடு ஏன் இறங்கியது? பிறப்பு குறைந்ததும் ஒரு காரணமே. குழந்தைகள் குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பாலும் கவனிப்பும் கூடும். ஆனால் அது மட்டுமல்ல. 1915-க்குப் பிறகு ஆயுதத் தொழிற்சாலைகள் ஆளைத் தேடின; கிழக்கு லண்டனில் முதல் முறையாக எல்லோருக்கும் தொடர்ந்து வேலை கிடைத்தது. பெண்களின் கையில் கூலி வந்தது. கிளாஸ்கோ நகரப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடியதை அடுத்து, 1915 டிசம்பரில் வீட்டு வாடகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. மதுக்கடை நேரம் குறைக்கப்பட்டது, பீர் நீர்த்துப்போனது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரிவுப் படி என்ற அந்தத் தொகை, தாமதங்கள் தீர்ந்தபின், வாரந்தோறும் நேராகத் தாயின் கையில் வந்தது. எத்தனை குழந்தைகளோ அதற்கேற்பக் கூடவும் செய்தது. குடிகாரக் கணவனின் சட்டைப்பையிலிருந்து மிஞ்சியதைப் பறிக்க வேண்டியிராத ஒரு வருமானம், பல பெண்களின் வாழ்வில் அதுவே முதல். மருத்துவர்கள் பாதியாகக் குறைந்த நாட்டில் சிசுக்கள் பிழைத்ததற்கு, தாயின் கையில் இருந்த அந்தக் காசே பெரும் காரணம் என்று நான் நம்புகிறேன். இரண்டு பென்னி உணவகத்தில் சில்வியா கண்டதும் இதையேதான். எலினார் ராத்போன் என்ற அம்மையார் போர்க்காலப் படியிலிருந்து இந்தப் பாடத்தைக் கற்று, கால் நூற்றாண்டுக்கு மேல் போராடி, 1945-இல் குடும்பப் படிச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

போர் கிழக்கு லண்டன் குழந்தைகளை வேறு வழியிலும் தேடி வந்தது. 1917 ஜூன் 13 அன்று, பட்டப்பகலில், ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டு ஒன்று பாப்லர் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரையைத் துளைத்துச் சிறு குழந்தைகளின் வகுப்பறையில் வெடித்தது. 18 குழந்தைகள் மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து வயதை ஒட்டியவர்கள். மதர்ஸ் ஆர்ம்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லை. அந்த ஆண்டின் ஜூலையில், பிறப்பைக் கூட்டச் சொல்லிக் கொண்டாடிய குழந்தைகள் வாரம், அந்தப் புதைகுழிகளின் மண் காய்வதற்குள் வந்தது.

போருக்குப் பிந்திய சில்வியாவின் அரசியலில் நான் அதிகம் தங்கப்போவதில்லை. சோவியத் ரஷ்யாவுக்குச் சென்று லெனினோடு வாதாடினார். 1920-இல் தேசத்துரோகக் கட்டுரைக்காகச் சிறைத் தண்டனை பெற்றார். மறு ஆண்டே பொதுவுடைமைக் கட்சியும் அவரை வெளியேற்றியது. எந்தக் குழுவிலும் நீண்ட நாள் இருக்க முடியாத சுபாவம் அவருக்கு. உடன் பணியாற்றியவர்களைக் களைப்படைய வைத்தவர். இந்தியாவைப் பற்றி 1926-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அது பம்பாயில் வெளியானது. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை என்பது அந்நூலில் தெரியவே செய்யும்.

1924-இல் லண்டனின் வடகிழக்குப் புறநகரான உட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்து, சாலையோரத்தில் ஒரு தேநீர்க் கடை நடத்தினார். உடன் வாழ்ந்தவர் சில்வியோ கோரியோ என்ற இத்தாலியர். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1927 டிசம்பரில், தமது 45-ஆம் வயதில், சில்வியா ஒரு மகனைப் பெற்றார். திருமணமாகாத தாய் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. எம்மலின் அதன் பிறகு மகளின் முகத்தில் விழிக்கவில்லை. 1928 ஜூனில் மறைந்தார். பேரனையும் அவர் பார்க்கவில்லை.

அந்தப் பிரசவத்திலிருந்து ஒரு நூல் பிறந்தது. 1930-இல் வெளியான 'சேவ் த மதர்ஸ்', அதாவது தாய்மாரைக் காப்பாற்றுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குச் சுமார் 3,000 பெண்கள் பேறுகாலத்தில் இறந்துகொண்டிருந்தனர். சிசு மரணம் முப்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தாய் மரணமோ ஆயிரம் பிரசவங்களுக்கு நான்கு என்ற இடத்திலிருந்து நகரவேயில்லை; முப்பதுகளின் தொடக்கத்தில் சற்று ஏறவும் செய்தது. எல்லாத் தாய்மாருக்கும் இலவசப் பேறுகாலச் சேவை வேண்டும் என்று சில்வியா அந்நூலில் வாதாடினார்.

மருத்துவனாக எனக்கு இந்த இடம் முக்கியம். பாலும் காசும் சிசுவைக் காப்பாற்றின, தாயைக் காப்பாற்றவில்லை. வசதியான வீட்டுப் பெண்களும், ஏழை வீட்டுப் பெண்களுக்கு நிகராகவே பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். பல இடங்களில் அதிகமாகவே இறந்தார்கள். காரணம், பிரசவம் பார்த்தவரின் கழுவாத கையும், அவசரப்பட்டு எடுத்த ஆயுதமும். அங்கே தேவைப்பட்டது நல்ல பயிற்சியும் தூய்மையும், பின்னர் மருந்தும். 1936-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் லெனார்டு கோல்புரூக், சல்ஃபா வகை மருந்தைப் பிரசவக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே அந்தக் கோடு சரியத் தொடங்கியது. வறுமை ஒழிந்தால் எல்லாம் சரியாகும் என்று சில்வியாவும் ஓரளவு நம்பினார். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. ஆனால் தாய் மரணத்தைப் பொதுப் பேச்சாக்கியவர்களில் அவரும் ஒருவர். அது சங்கடமான பேச்சு என்று மருத்துவ உலகமே அடக்கி வாசித்த காலம் அது.

உட்ஃபோர்டில் இன்றும் ஒரு சிறு நினைவுச் சின்னம் நிற்கிறது. கல்லில் செதுக்கிய குண்டு ஒன்று தலைகீழாக விழுவதுபோல் அமைந்தது. 1932-இல் ஆயுதக் குறைப்பு மாநாட்டில், வானிலிருந்து குண்டு வீசும் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்த அரசியல்வாதிகளுக்கு அது ஏளனமாக அர்ப்பணிக்கப்பட்டது. பாப்லர் பள்ளியின் நிழல் அதில் விழுந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. 1935-இல் சில்வியா தமது இடத்தில் அதை நிறுவினார். சேதப்படுத்தப்பட்டதால் மறு ஆண்டு மீண்டும் திறந்துவைக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் லண்டன் மீது உண்மையான குண்டுகள் விழுந்தன.

இரண்டாம் போரை அந்தப் புறநகரிலிருந்தே சில்வியா பார்த்தார். அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வின்ஸ்டன் சர்ச்சில். இந்த முறை அரசு வேறுவிதமாக நடந்துகொண்டது. 1940 ஜூலையில் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் நாளுக்கு ஒரு பைண்ட் பால், விலை இரண்டு பென்னி, முடியாதவர்களுக்கு இலவசம் என்ற திட்டம் வந்தது. குறைந்த விலையில் சூடான உணவு தரும் பொது உணவகங்களை உள்ளாட்சிகள் திறந்தன. அவற்றுக்கு 'பிரிட்டிஷ் உணவகம்' என்று பெயர் சூட்டியவர் சர்ச்சில். 1943-க்குள் அவை இரண்டாயிரத்தைத் தாண்டின. ஓல்டு ஃபோர்டு சாலையில் கால் நூற்றாண்டுக்கு முன்பு ஒரு சமையலறையில் நடந்த அதே காரியம். சில்வியாவின் பெயரை அப்போது யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 1941-இல் 60 என்று ஏறிய சிசு மரண விகிதம் 1945-இல் 46-க்கு இறங்கியது. தாய் மரணம் ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழே வந்தது. பிறப்புகளோ, 1941-இன் 5,79,000-இலிருந்து 1944-இல் ஏழரை லட்சத்துக்கு உயர்ந்தன. அப்போதும் போர் முடிந்திருக்கவில்லை. ஆண்களும் வீடு திரும்பியிருக்கவில்லை.

இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்ததை அடுத்து, 1936 முதல் அந்நாட்டுக்காக ஒரு வார இதழை நடத்திவந்தார் சில்வியா. பேரரசர் ஹெய்லி செலாசி மீது அவருக்கு இருந்த பக்தி, வாழ்நாள் முழுவதும் அரசர்களை எதிர்த்த ஒருவருக்குப் பொருந்தாதது என்று அவரது நண்பர்களே வருந்தினார்கள். எனக்கும் அதில் உடன்பாடில்லை. பேரரசரின் மகள் செஹாய், நாடு கடந்திருந்த காலத்தில் லண்டனில் குழந்தைகள் செவிலியாகப் பயிற்சி பெற்றவர். விடுதலையடைந்த நாட்டுக்குத் திரும்பி, 1942-இல், மகப்பேறு தொடர்பான சிக்கலில் இருபதுகளின் தொடக்கத்திலேயே இறந்தார். அவர் பெயரால் ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்று சில்வியா பிரிட்டனில் ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டினார். 1951-இல் அடிஸ் அபாபாவில் அது திறக்கப்பட்டது.

1954-இல் கோரியோ காலமானார். 1956-இல், 74 வயதில், மகன் ரிச்சர்டோடு சில்வியா எத்தியோப்பியாவுக்கே குடியேறினார். 1960 செப்டம்பர் 27 அன்று அங்கே மறைந்தார். அந்நாட்டு அரசு முழு மரியாதையோடு புனித திரித்துவப் பேராலய வளாகத்தில், இத்தாலியரை எதிர்த்துப் போரிட்டவர்களின் கல்லறைகளுக்கு அருகே அவரை அடக்கம் செய்தது.